பின் சீட் வேண்டாம்

"பின் சீட் இல்லாத வண்டி இருக்காம்மா?"

கடைக்குள் நுழைந்ததும் அனிபல் கேட்ட முதல் கேள்வியே அதுதான். பின்னாலேயே அவர் மனைவி நூரிஸ் நின்றிருந்தாள்.

சாந்தா மார்த்தா ஊரில் ஆறு வருஷமாக எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் விற்கிறாள் யெலிட்ஸா. இப்படி யாரும் கேட்டதில்லை.

"இருக்கு சார். ஆனா இதப் பாருங்க. பின்னால சாய்மானம்கூட இருக்கு. அக்கா ஜம்முனு உக்காந்து வரலாம்."

"வேண்டாம். ஒருத்தர் உக்கார்ற மாதிரி காட்டு."

நூரிஸ் பக்கத்தில் நின்ற நீல வண்டியின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள். விரல்கள் அதைவிட்டு வர மனசில்லாமல் கிடந்தன.

"ஓட்டத் தெரியுமாக்கா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பா வண்டிய ஓட்டுவேன். சியெனகா வரைக்கும் கடலோரமாவே போவேன். காத்து அப்படியே முகத்துல வந்து அடிக்கும்..." நூரிஸ் சிரித்தாள். "அதெல்லாம் அந்தக் காலம்."

"இப்ப வேலைக்கு எப்படிப் போறீங்க?"

"ஸ்கூல்ல சமையல் வேலை. இவர், கொழுந்தன், பையன், யாராவது கொண்டுபோய் விடுவாங்க. அவங்க கிளம்பற வரைக்கும் வாசல்ல நிப்பேன்."

யெலிட்ஸாவுக்குச் சுருக்கென்றது. நாள் முழுக்க வண்டி விற்றுவிட்டு, புருஷன் வருகிறவரை கடை வாசலில் காத்துக் கிடப்பவள்தானே அவளும்.

அனிபல் ஒவ்வொரு சீட்டாக உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார்.

"இது கல்லு மாதிரி இருக்கு. தினமும் இருபது கிலோமீட்டர் போய் வரணும். இடுப்பு வலிக்கக் கூடாது."

தனக்கென்றால் மட்டும் எவ்வளவு சொகுசு பார்க்கிறார்!

"உயரமும் கம்மியா இருக்கணும். காலு தரையில நல்லா ஊணணும்."

ஆறடி மனுஷனுக்கு இது என்ன கேடு என்று நினைத்துக்கொண்டே, மூலையில் இருந்த குட்டை வண்டியைக் காட்டினாள். ஒற்றை சீட், பின்னால் ஒரு கூடை. அவ்வளவுதான்.

"இதான்! இதையே பில் போடு."

அதற்குமேல் யெலிட்ஸாவால் பொறுக்க முடியவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க சார். நீங்க இதுல போயிட்டா, அக்கா எதுல போவாங்க?"

"இதுலதான்."

சாவியை வாங்கி நூரிஸின் கையில் வைத்தார் அனிபல். அவள் அதையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பின் சீட்டுன்னு ஒண்ணு இருந்தா, 'என்னை அங்க விடு, இங்க விடு'ன்னு எங்க வீட்டுல ஒவ்வொருத்தனா ஏறிக்குவான்மா. அப்புறம் இவ ஆசைப்பட்ட எடத்துக்கு எப்பப் போறது?"

பின்கழுத்தைச் சொறிந்தபடி, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்:

"மொதல்ல ஏறுறவன் நானாத்தான் இருப்பேன்."