மேபல் மணி பார்த்தது

பிரெஞ்சுக் கரையில் மேய்கிற மாடுகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த நேரத்தில் ஐவி பாடுவதை நிறுத்தினாள்.

படகில் இருந்தவர்கள் நிறுத்தவில்லை. நீந்துகிறவள் தூங்கிவிடக் கூடாது என்று இங்கிலாந்துக் கரையான டோவரிலிருந்தே பாடிக்கொண்டு வந்தார்கள். ஞானப்பாட்டுகள் தீர்ந்து, மதுக்கடைப் பாட்டுகளும் தீர்ந்து, வேறு வழியில்லாமல் மறுபடி ஞானப்பாட்டுக்கே வந்திருந்தார்கள்.



அவளுடைய அக்கா மேபல் படகின் ஓரத்தில் மண்டியிட்டு, நீளமான கழியின் நுனியில் கோக்கோ டம்ளரை நீட்டினாள். நீந்துகிறவள்மேல் யார் கையும் படக்கூடாது. விரல் பட்டாலும் நீச்சல் செல்லாது. அதற்குத்தான் கழி.

ஆங்கிலக் கால்வாயில் ஐவிக்கு இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் கரை தெரிகிற தூரத்தில், மனசு கேட்காமல் அவளைப் பிடித்து இழுத்துப் போட்டது மேபல்தான். இரண்டாவது முறைக்குப் பிறகு ஐவி ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. இன்று காலை குளிர் தாங்க உடம்பெல்லாம் பன்றிக்கொழுப்பைப் பூசிக்கொண்டு நிற்கும்போது அமைதியாகச் சொன்னாள்.

"இந்தத் தடவையும் பாவம் பாத்துத் தொட்டேன்னா, எனக்கு அக்கான்னு ஒருத்தி கிடையாது. நான் செத்தாலும் வந்து எட்டிப் பாக்காத."

ஐவி சொன்னால் செய்கிறவள். மேபல் தலையாட்டினாள்.

ஐவியின் இடது மணிக்கட்டில் ஒரு கைக்கடிகாரம் இருந்தது. தண்ணீர் புகாது என்று சொல்லி ஒரு கம்பெனி புதிதாகச் செய்தது. ஊரில் யாரும் நம்பவில்லை. அதனால் கம்பெனி கடிகாரத்தோடு பிளண்ட் என்ற ஆளையும் அனுப்பியிருந்தது. பிளண்ட் கரையை விட்டதிலிருந்து ஒரு வாளியைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்தபடியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். பெரிய அலை ஒன்று ஐவியை முழுக அடித்துத் தூக்கியபோது, அடி பட்டிருக்குமோ என்று பதறினார். கடிகாரக் கண்ணாடிக்கு.

டம்ளர் சரிந்து கோக்கோ கடலில் கொட்டியது. ஐவி அதைப் பார்க்கவில்லை. கண்கள் திறந்துதான் இருந்தன.

அலை அவளைப் படகை ஒட்டித் தள்ளியது. இடது கை மரத்தில் வந்து வந்து இடித்தது.

"மணி என்ன காட்டுதுன்னு கொஞ்சம் பாருங்களேம்மா," என்றார் பிளண்ட், வாளியிலிருந்து தலையைத் தூக்கி.

மேபல் குனிந்து தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

பாட்டு நின்றுபோனது.

பிளண்ட் தட்டுத் தடுமாறி வந்து எட்டிப் பார்த்தார். தன் சட்டைப்பையிலிருந்த கடிகாரத்தோடு ஒப்பிட்டார். ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை என்று ஊருக்கே கேட்கும்படி கூவினார். மேபல் அப்போதும் கையை விடவில்லை. பார்த்தாகிவிட்டதே, இனி விடலாமே என்று பிளண்ட் மரியாதையாக எடுத்துச் சொன்னார்.

"விட்டு என்ன? அதான் தொட்டாச்சே," என்று படகுக்காரர் டாப்லி தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, ஐவியை மேலே இழுக்கக் கயிற்றை எடுத்தார்.

ஐவிக்கு மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில்தான் நினைவு வந்தது. யார் தொட்டது என்று கேட்டாள். நடந்ததைப் பிளண்ட் சொன்னார். 

"கரை தெரியுது. இவளுக்கு மணி தெரியணுமாம்," என்றாள் ஐவி. "பாவம் பாத்துத் தொட்டிருந்தா ஜென்மத்துக்கும் பேசியிருக்க மாட்டேன். கூமுட்டைய என்ன பண்றது?"

அடுத்த வருஷம் அவள் கால்வாயைக் கடந்தாள். படகில் மேபலை ஏற்றவில்லை. கையில் கடிகாரம் கட்டவில்லை.

கம்பெனிக்காரர்கள் பழைய கதையையே படம் வரைந்து பத்திரிகைகளில் போட்டார்கள். மீன் கடைக்குப் போனாலும் மேபலிடம் மணி கேட்டார்கள். ஐவி ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும், வான்கோழியை வெட்டுவதற்கு முன், அந்தக் கதையை அக்காவை வைத்துக்கொண்டே சொன்னாள். மேபலும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தாள். ஐவியின் பக்கத்து நாற்காலி எப்போதும் அவளுக்குத்தான்.

போன மார்ச்சில் ஐவியை அடக்கம் செய்துவிட்டு வந்து தேநீர் குடிக்கும்போது, ஐவியின் கணவர் அதை இன்னொரு முறை சொன்னார். வந்தவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று மேபலின் முகத்தைப் பார்த்தார்கள். மேபல் சிரித்தாள்.

அன்று படகில், கடிகாரத்தின் முகம் ஐவியின் புறங்கைப் பக்கம் இருந்தது. மேபலின் விரல்கள் உள்பக்கம், வாருக்கு அடியில் இருந்தன. பிளண்ட் மணி சரி என்று கூவியபோது அவள் இன்னும் நாடியைத் தேடிக்கொண்டுதான் இருந்தாள்.