எட்டா, நாலா

கடையின் கண்ணாடி மேசையில், வெள்ளை வெளிச்சத்தின் கீழ், இரண்டு கேலக்ஸி எஸ்-4 போன்கள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். உள்ளே இருக்கும் சிப்பில் ஒன்றுக்கு எட்டு கோர், அதாவது எட்டு மூளை; மற்றதற்கு நாலு. தற்செயலாக எதிர்ப்பட்ட ஹரிப்பிரியாவை அவளுடைய பழைய மேலாளர் செந்தில்நாதன் விடுவதாக இல்லை. "போன் டெஸ்ட் பண்றவ நீ, நீயே சொல்லும்மா. கெல்லிவில் வீட்டுலேர்ந்து சிட்டி ஆபீசுக்குப் பஸ்ல போற வழியெல்லாம் வேலை பார்க்கிறேன், நெட் பறக்கணும்." போன வருஷம் அவளுக்கு வரவேண்டிய பதவியைத் தன் நண்பனுக்குக் கொடுத்துவிட்டு, "கைக்குழந்தைக்காரி, உனக்கெதுக்கு இந்தப் பாடு" என்று சிரித்த வாய்தான் இப்போது கேட்கிறது. எட்டு கோர் போனில் வேகமான 4ஜி நெட் கிடையாது, நாலில்தான் உண்டு என்பது ஹரிப்பிரியாவுக்குத் தெரியும். அவர் விரல் எட்டின் மேல் தயங்கி நிற்கிறது. மோதிரம் கண்ணாடியில் டக்கென்று இடிக்கிறது. "எட்டுதான் சார்," என்கிறாள், குரலில் அத்தனை பணிவு. "உங்க பொசிஷனுக்கு நாலெல்லாம் எப்படி சார்?" அவர் முகம் மலர்கிறது. பெட்டியைப் பிரித்துவிட்டால் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறான் கடைக்காரன். தள்ளுவண்டியில் குழந்தை சிணுங்குகிறது. ஹரிப்பிரியா ஒரு கையால் அதை ஆட்டிக்கொண்டே, பெட்டியின் முத்திரை கிழிகிற சத்தம் கேட்கும்வரை நகராமல் நிற்கிறாள்.