நாலாவது மாடிக்கு ஒரு சோபா

சோபா மூன்றாவது மாடித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

தூக்கி வந்த நாலு பேரும் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டார்கள். நிமிர்த்தினால் மேல்தளத்தில் இடிக்கிறது. சாய்த்தால் கைப்பிடிக் கம்பியில் இடிக்கிறது. லிஃப்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதில் நாலு பேர் நின்றாலே மூச்சு முட்டும்.

இத்தாலியில் செய்தது. முதுகுச் சாய்மானம் முழுக்க இலையும் கொடியுமாகச் செதுக்கி, ஓரமெல்லாம் தங்கப் பூச்சு பூசி, பச்சை வெல்வெட் போர்த்தியிருந்தார்கள். அரண்மனையில் ராஜா உட்காருவார். எங்கள் வீட்டில் யார் உட்காரப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும்.

என் கணவர் கீழ்ப்படியில் நின்று வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்துக்கொண்டிருந்தார். வெல்வெட்டில் அழுக்குக் கை படுகிறது என்று ஒருவரைத் திட்டினார். தங்கப் பூச்சு உரசுகிறது என்று இன்னொருவரை. பிறகு இந்தப் படியைக் கட்டியவனை, அவன் பரம்பரையை.

நான் மேல்படியில், எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். எனக்கும் கோபம்தான். ஆனால் அவர் கோபம் அந்தப் படிக்கட்டோடு முடிந்துவிடும்.

வாசல் திறந்து கிடந்தது. ஹால் புது வெள்ளைச் சுவரும் பளபளக்கும் தரையுமாக ஏறக்குறைய மொட்டையாக நின்றது. எல்லாம் இன்டீரியர் டிசைனர் சொன்னபடி. வீடு இந்தக் காலத்து வீடாக இருக்க வேண்டுமாம். நடுநாயகமாக அந்தக் காலத்து இத்தாலிய சோபா ஒன்று மட்டும் இருக்க வேண்டுமாம். வேறு எதுவும் கண்ணை உறுத்தக் கூடாதாம்.

கண்ணை உறுத்துகிறது என்று அந்தப் பெண் விரலை நீட்டியது என் அம்மாவின் கட்டிலை. அம்மா அதில் படுத்திருக்கும்போதே.

தூங்குகிறாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

சோபாவுக்கு ஒதுக்கிய இடம் அதுதான், ஜன்னலோரம். மூன்று வருடத்துக்கு முன் இடுப்பெலும்பு முறிந்து இங்கே வந்ததிலிருந்து அம்மாவுக்கு அந்தக் கட்டிலும் அந்த ஜன்னலும்தான் உலகம். வீட்டில் இன்னொரு அறை இருக்கிறது. அதில் என் கணவரின் உடற்பயிற்சி சைக்கிள் குடியிருக்கிறது. அவர் அதில் ஏறி நான் பார்த்ததில்லை. அவர் சட்டைகள்தான் அதன் மேல் காய்கின்றன.

சோபா உள்ளே வந்தால் அம்மா வெளியே போக வேண்டும். முதியோர் இல்லத்துக்கு. நாளைக்கு வண்டி சொல்லியாகிவிட்டது. அத்தைக்கும் பேச்சுத்துணைக்கு நாலு பேர் கிடைப்பார்களே என்றார் என் கணவர், ஏதோ அவளுக்கு உபகாரம் செய்கிற மாதிரி.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சோபா வந்தால் நீயும் சாய்ந்து உட்காரலாம் என்று ஆறு மாதமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தேன். நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

என் கணவர் கடைக்கு ஃபோன் போட்டார். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். அளவெடுக்காமல் அனுப்பிய மடையன் எவன் என்றுதான் ஆரம்பித்தார்.

கடைக்காரர் குரலை உயர்த்தவே இல்லை.

"சார், ஆர்டர் எடுத்த அன்னிக்கே உங்க வீட்டு ஃபோனுக்குக் கூப்பிட்டுக் கேட்டோமே. படி குறுகலா இருந்தா ரெண்டா பிரிச்சு செய்யச் சொல்றோம்னோம். வீட்டம்மாதான் சொன்னாங்க, எங்க படியில யானையே ஏறும், ஒரே துண்டா அனுப்புங்கன்னு."

இதைத் திருப்பி எடுத்துக்கொள்வதில் தகராறு இல்லை, ஆனால் இரண்டு துண்டாகச் செய்து கப்பலில் வர இன்னும் ஆறு மாதம் ஆகும் என்றார்.

சோபாவின் முன்காலைப் பிடித்திருந்தவர் துண்டால் முகத்தைத் துடைப்பது போலச் சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

என் கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அந்தக் கடையில் யாரோடும் நான் பேசியதே இல்லை. பகலில் நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விடுகிறோம். வீட்டு ஃபோன் இருப்பது அம்மாவின் தலைமாட்டில். யானையே ஏறும் என்று பேசுகிற ஆளும் இந்த வீட்டில் ஒருத்திதான்.

மூன்று வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் அது யார் பேச்சு என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

திரும்பி ஹாலைப் பார்த்தேன். அம்மா மல்லாந்து படுத்துக் கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறவர்கள் கண்ணை அவ்வளவு இறுக்கி மூட மாட்டார்கள்.

அந்த டிசைனர் வந்த அன்றைக்கும் இப்படித்தான் படுத்திருந்திருக்கிறாள். ஆறு மாதமாக எல்லாம் தெரிந்துகொண்டு, நான் சொன்ன பொய்க்கெல்லாம் சரிம்மா சரிம்மா என்று தலையாட்டியிருக்கிறாள்.

நீயா அப்படிச் சொன்னாய் என்று கீழேயிருந்து கத்தினார்.

"நான்தான் சொன்னேன்" என்றேன். "நாளைக்கு வண்டி வேண்டாம்னும் நானே சொல்லிடறேன்."

அத்தனை சத்தத்திலும் அம்மா தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.