முதல் சேலை யாருக்கு?

"கோலம் போட்டது யாருன்னு தெரியாம, இந்தச் சேலையை நான் யாருகிட்டக் கொண்டுபோய்க் குடுப்பேன் அக்கா?"

கல்யாணப் பத்திரிகையையும் பட்டுச் சேலையையும் மடியில் வைத்துக்கொண்டு, கடைசி வீட்டுக் கிருபாபாய் முன்னால் உட்கார்ந்துவிட்டாள் வெள்ளத்தாய். மூத்த மகளுக்கு அடுத்த வாரம் கல்யாணம். சொந்தபந்தத்துக்கெல்லாம் துணி எடுத்தாயிற்று. ஆனாலும் முதல் சேலை அந்தக் கோலக்காரிக்குத்தான் என்று பிடிவாதமாக இருந்தாள்.

காரணம் இருக்கிறது. 1981இல் ராஜபாளையத்துக்கு வெளியே இந்த ஹவுசிங் போர்டு காலனியைக் கட்டியபோது சுற்றிலும் வேலிக்கருவைக் காடுதான். பஸ் கிடையாது, தெருவிளக்கு கிடையாது. மில் வேலை பார்த்த அவள் புருஷன் மலைச்சாமிக்கு இங்கே வீடு கிடைத்தது. பிள்ளைத்தாய்ச்சி மனைவியை மம்சாபுரத்திலிருந்து மாட்டு வண்டியில் கூட்டி வந்தார். அவளோ காட்டைப் பார்த்ததும் இறங்கவே மாட்டேன் என்று அழுதாள். அவரும் சலித்துப்போய், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அது அவள் கண்ணில் பட்டது. வரிசை நெடுக வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. எல்லாம் ஒரே மாதிரி நட்சத்திரக் கோலம். வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், இத்தனை பொம்பளைகள் இருக்கிற இடத்தில் நமக்கென்ன பயம் என்று இறங்கிவிட்டாள்.

மறுநாள் விடியுமுன்பே பேறுகாலத்துக்கு அம்மா வீடு போய், கைக்குழந்தையோடு திரும்பியபோது வரிசை நிறைய ஆள் இருந்தது. அந்தக் கோலம் மட்டும் இல்லையென்றால் சொந்த வீடு ஏது, பிள்ளைகள் படிப்பு ஏது என்று அவள் அடிக்கடி சொல்லுவாள்.

காலையிலிருந்து வீடு வீடாகக் கேட்டுவிட்டாள். பெத்தம்மாளும் மாரியாத்தாளும் தாங்கள் அவளுக்குப் பிறகுதானே வந்தோம் என்று கையை விரித்தார்கள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். கிருபாபாயிடம் புலம்பத்தான் வந்தாளே தவிர, போட்டது அவளா என்று கேட்கத் தோன்றவே இல்லை. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம், கோலம் போடும் வழக்கமில்லை. இத்தனை வருடமாக அந்த வாசல் வெறும் வாசல்தான்.

கிருபாபாய் கீரை ஆய்வதை நிறுத்தினாள்.

"ஏட்டி, அன்னைக்கு இந்த வரிசையில நாங்க மட்டுந்தான் இருந்தோம். எங்க வீட்டுக்காரவுக மில்லுக்குப் போயிட்டா நான் ஒத்தையில கெடப்பேன். வீடு பாக்க வாரவுக அம்புட்டுப் பேரும் காட்டைப் பாத்துட்டுத் திரும்பிப் போனாக. கோலம் கெடந்தா சனம் இருக்குன்னு நெனைப்பாகள்ல? அதான் பூட்டுன வீட்டு வாசல்ல பூராம் நானே போட்டு வச்சேன்."

வெள்ளத்தாய் சேலையை நீட்டினாள். கிருபாபாய் அதை வாங்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாந்தாண்டி ஒனக்குச் சேலை எடுத்துத் தரணும். அன்னைக்கும் யாரும் இறங்கலேன்னா ஊருக்கே போயிருவோம்னு நாங்களும் மூட்டை கட்டித்தான் வச்சிருந்தோம். நீ வண்டியை விட்டு இறங்குன பொறவுதான் அதை அவுத்தோம்."