பாட்டு நின்றால் அவுட்

காட்டுக்குக் கோப்பை வென்று தந்த கபடி அணியின் நான்கு கிடாக்கள் மீது புள்ளிமான் வல்லுறவு வழக்குத் தொடுத்திருந்தது. மறுநாள் அது சாட்சி சொல்ல வேண்டும். நீதிமன்றத் தீர்ப்புக்கு இன்னும் நாளிருந்தது. திடலோர மரத்தடியிலோ தினமும் தீர்ப்பு வந்துகொண்டிருந்தது.

"அவளாகத்தானே அவர்கள் பட்டிக்குள் போனாள்?" என்றது கொக்கு. அது கபடி நடுவர். ஆடுபவரின் பாட்டு எங்கே அறுபடுகிறது என்று காதுகொடுத்தே வயதானது. "கோட்டைத் தாண்டி வந்தவளைப் பிடிப்பதுதானே ஆட்டம்?"

"கோப்பையைப் பார்க்க வா என்று கூப்பிட்டார்கள், போனாள். அவள் ஆடப் போகவில்லை ஐயா," என்றது அணில்.

"கோப்பைக்கு ரொம்பத்தான் ஆசை," என்றது கொக்கு. மரத்தடியே சிரித்தது.

தண்ணீர் குடிக்க அவ்வழியே வந்த மான் நின்றுவிட்டது. கொக்கு அதனிடமே கேட்டது.

"ஏம்மா, வேண்டாம் என்று சொன்னாயா?"

"சொன்னேன்."

"ஒரு தடவையா?"

"விடாமல் சொன்னேன். வேண்டாம், வேண்டாம் என்று மூச்சு முட்டும்வரை சொன்னேன்."

"பிறகு?"

"பிறகு குரல் வரவில்லை."

கொக்கு பழக்கதோஷத்தில் இறக்கையை உயர்த்தியது. "பாட்டு நின்றால் அவுட்."

கூட்டம் ஆரவாரித்தது. அணில் தன் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தது. மான் தண்ணீர் குடிக்காமலே திரும்பியது.

மறுநாள் நீதிபதி யானை கனிவாகவே கேட்டது. "நடந்ததைச் சொல்லம்மா."

மான் வாயைத் திறந்தது. குரல் வரவில்லை.

பின்வரிசையில் ஓர் இறக்கை மெல்ல உயர்ந்தது.