வாசலுக்கு வெள்ளை

செபஸ்தியம்மா வாசற்படிக்கு இரண்டு முழம் தள்ளியே நின்றுவிட்டாள்.

அவளுக்குப் பின்னால் மணமக்கள். அவர்களுக்குப் பின்னால், கோயிலில் இருந்து கொழும்புத்துறை ஒழுங்கை வழியே சைக்கிளிலும் நடையிலும் வந்து சேர்ந்த மாப்பிள்ளை வீட்டார்.

ஒருவரும் அசையவில்லை.

தாயில்லாத மாப்பிள்ளையை வளர்த்த பெரியம்மா அவள். அவள் ஏறினால்தான் மற்றவர்கள் படியேறுவார்கள்.

“வெள்ளை கட்டாத வாசலாலை என்ரை பிள்ளையை ஏத்த மாட்டன்” என்று கலியாணம் பேசிய அன்றே சொல்லிவிட்டாள். வாசலுக்கு மேலே வெள்ளைத்துணி விரித்துக் கட்டி, அதன் கீழேதான் மணமக்கள் முதற்கால் வைக்க வேண்டும். ஷெல் விழுந்தாலென்ன, உலகமே விழுந்தாலென்ன.

ஷெல் விழுந்துதான் இருந்தது. வாசல் விறாந்தையின் ஓடுகளையும் மச்சுப் பலகையையும் சேர்த்துத் தின்றுவிட்டது. வெள்ளை கட்டுகிற நாகலிங்கம் இடம்பெயர்ந்து எங்கேயோ போய்விட்டார். ஊரில் மிஞ்சியிருந்த வேட்டியும் விரிப்பும் காயம் கட்டுவதற்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டன.

உள்ளே ஆராத்தித் தட்டோடு நின்றாள் மரியநாயகி. பெண்ணைப் பெற்றவள். இந்தக் கூட்டம் திரும்பிப் போனால், மகள் ஸ்ரெல்லா நாளைக்கு யார் முகத்தில் விழிப்பாள்?

“நான் பார்த்துக்கொள்ளுறன்” என்றுதான் அவள் புருஷன் கனிசியஸ் சொன்னார். சொன்னவர் நேற்றே வாசலைப் பழைய படகுப் பாய்த்துணியால் மூடிக் கட்டிவிட்டார். வீட்டுக்காரியையே குசினிப் பக்கத்தால் போகச் சொன்னார்.

“என்ன சம்மந்தி, கலியாணத்துக்குக் கூப்பிட்டியளோ, கூத்துப் பார்க்கக் கூப்பிட்டியளோ? திரையெல்லாம் கட்டிக் கிடக்கு!”

செபஸ்தியம்மாவின் குத்தலுக்கு நாலைந்து பேர் சிரித்தார்கள்.

கனிசியஸ் கயிற்றை இழுத்தார்.

திரை விழுந்தது.

சிரிப்பு நின்றது.

வாசலுக்கு மேலே வானம் முழுக்கப் பூத்திருந்தது.

வெள்ளைக் குடைகள். கம்பில்லாத, வெறும் பட்டுக் குடைகள். நடுவில் பெரியதாக ஒன்று. அதைச் சுற்றி ஒரு வட்டம். அந்த வட்டத்தைச் சுற்றி இன்னொன்று. உச்சிகளைக் கைமரத்தில் கட்டி, விளிம்புகளைத் தாழ விட்டிருந்தார். ஷெல் திறந்துவிட்ட ஓட்டையால் இறங்கிய வெயில் அத்தனைக்கும் உள்ளே விளக்கேற்றி வைத்திருந்தது.

கடற்காற்று உள்ளே நுழைந்தது.

குடைகள் எல்லாம் ஒன்றாய் மூச்சை இழுத்து விரிந்தன. பிறகு மெல்லத் தாழ்ந்தன.

“மாதாவே...” யாரோ சொன்னார்கள். மாப்பிள்ளை வாயைத் திறந்தபடி நின்றான். ஸ்ரெல்லா முகத்திரையைத் தூக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

என்னவென்று எல்லோருக்கும் தெரியும். பரா லைற். இரவை வெட்ட வெளிச்சமாக்குவதற்கு ஆமிக்காரன் வானத்தில் விடுகிற விளக்கு. விளக்கு எரிந்து முடிந்தால் அதைத் தாங்கி வந்த குடை மட்டும் மிஞ்சும். தெரிந்தும் யாருக்கும் கண்ணை எடுக்க முடியவில்லை.

“எங்கை பிடிச்சியள் இவ்வளவையும்?” செபஸ்தியம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

“நீர்வேலி வாழைத்தோட்டங்களுக்கை. குலையைவிட உதுதானே அங்கை கூடக் காய்ச்சுக் கிடக்கு!” என்றார் கனிசியஸ்.

ஒழுங்கையே சிரித்தது. செபஸ்தியம்மா செருப்பைக் கழற்றினாள். தானே மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, “வாடா ராசா” என்று படியேறினாள்.

மரியநாயகிக்குப் போன உயிர் வந்தது. தட்டோடு குடைகளுக்குக் கீழே வந்தாள்.

குடை விளிம்புகளில் தொங்கிய நூல்களில் ஒன்று அவள் உதட்டில் உரசியது.

கரித்தது.

உப்பு.

அவள் நூலைப் பிடித்துப் பார்த்தாள். முடிச்சுக்குள் ஒரு துண்டு சாதாளை காய்ந்து ஒட்டியிருந்தது. கடலடியில் முளைக்கிற புல். எந்த வாழைத்தோட்டத்தில் முளைக்கும் அது?

துணியை எல்லாம் சவர்க்காரம் போட்டு நன்றாகத்தான் அலசியிருந்தார். நூலை விட்டுவிட்டார். உப்புப் படியாத கயிறு ஒன்றைப் பிறந்த நாள் முதல் தொட்டறியாத மனிதர். நூலில் உப்பு இருப்பது அந்தக் கைக்கு எப்படித் தெரியும்?

பரா லைற் தண்ணீரில் விழுகிறதென்றால், கீழே படகு ஓடுகிறது. படகு ஓடினால், வெளிச்சத்துக்குப் பின்னாலேயே துவக்குச் சூடு வரும்.

அவருடைய தம்பி அடைக்கலநாதன் கிளாலிக் கடலேரியில் இரவுப் படகில் ஆட்களை ஏற்றிப் போய்த் திரும்பாத அன்று, கனிசியஸ் வேதாகமத்தில் கைவைத்துச் சத்தியம் செய்தார். இனிப் படகில்லை. கிளாலிக் கரையில் நின்று இஞ்சின் திருத்துவது மட்டுந்தான். தண்ணீரில் கால் வைப்பதில்லை.

ஏரிப்பக்கம் வானம் வெளிக்கும் இரவுகளில் மரியநாயகி முற்றத்தில் முழங்காலில் இருப்பாள். ஆரோ பெத்த பிள்ளையள், ஆரோ ஒருத்தியின்ரை புருஷன், காப்பாத்தும் ஆண்டவரே என்று மன்றாடுவாள்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். அழகு ஒரு துளியும் குறையவில்லை. வட்டம் வட்டமாய், தலைக்கு மேலே, அவர் திரும்பி வந்த இரவுகள்.

“என்னடி பார்த்துக்கொண்டு நிக்கிறாய்? திரி எரிஞ்சு முடியப் போகுது” என்றாள் செபஸ்தியம்மா.

மரியநாயகி மணமக்களுக்கு ஆராத்தி சுற்றினாள்.

சுற்றி முடித்ததும் கனிசியஸின் சட்டையைப் பிடித்து இழுத்து மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். மறுபடியும் தட்டைத் தூக்கினாள்.

“இதென்ன கூத்து! பழைய மாப்பிள்ளைக்குமோ?” என்றாள் செபஸ்தியம்மா.

வீடே சிரித்தது. கனிசியஸும் சிரித்தார்.

தட்டு அவர் முகத்துக்கு முன்னே ஏறி இறங்கியது. சுடருக்கு அந்தப் பக்கம் மரியநாயகியின் கண்கள் நிறைந்திருந்தன. அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் அவள் சொன்னாள்:

“நூலைக் கழுவேல்லை நீங்கள்.”