கடைசியாக எடுத்தவர்

"ஒரு பொம்பளையை எங்கேயோ பூட்டி வச்சிருக்காங்க ஆன்ட்டி. நீங்க என்னடான்னா ரூல் பேசிட்டிருக்கீங்க."

டிடெக்டிவ் செழியன் பிளாஸ்டிக் உறையை மேசைமேல் வீசினான். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு. நூலக அலமாரியில் புரட்டிய தமிழ் நாவல் ஒன்றுக்குள் இருந்ததென்று ஒரு வாசகர் பதறிப்போய் ஸ்டேஷனில் கொடுத்தது.

டெக்சஸிலேயே வளர்ந்த செழியனுக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத்தெல்லாம் ஜிலேபி. நூலகத்தோடும் பெரிய சிநேகம் இல்லை. கார்டு வாங்கியதோடு சரி, அது மனைவி பிரீத்தியின் கைப்பையில் குடியிருந்தது.

நூலகர் எழிலரசி சீட்டை வாய்விட்டுப் படித்தாள். "என்னை நாலு மாதமாக அடைத்து வைத்திருக்கிறார்கள். வெளியே விடுவதில்லை. பேச ஆளில்லை."

"இந்த புக்கைக் கடைசியா எடுத்தது யாரு? பேர் மட்டும் போதும்."

அவனுடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள். கணினியில் ஏதோ தட்டினாள். நிமிர்ந்தபோது அவள் முகம் இரும்பாகியிருந்தது. திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வாரண்ட் கொண்டு வாங்க."

"நம்ம ஊர்க்காரங்கதானே ஆன்ட்டி, கொஞ்சம்..."

"நான் உங்களுக்கு ஆன்ட்டி இல்லை. யார் என்ன படிக்கிறாங்கன்னு போலீஸ்கிட்ட ஒப்பிக்கிறதுக்கு இங்கே சம்பளம் கிடையாது."

"அந்தம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா முதல்ல உங்களைத்தான் அரெஸ்ட் பண்ணுவேன்."

"பண்ணுங்க. அதுக்கும் பேப்பரோட வாங்க."

இப்படியும் ஒரு கல்நெஞ்சா என்று கறுவிக்கொண்டே போனான். அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் பார்த்துப் பார்த்துச் சுட்ட தோசையைக்கூடத் தள்ளி வைத்துவிட்டான். முகம் தெரியாத அந்தப் பெண் யார் கையில் என்ன பாடுபடுகிறாளோ.

மறுநாள் மதியம் நீதிபதியின் கையெழுத்தோடு வந்து, வாரண்டை மேசையில் அறைந்தான். எழிலரசி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். அவசரமே படவில்லை.

அதற்குள் அவன் செல்போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"மாப்ள, வாசல் வரைக்கும் நடந்துட்டு வரட்டுமா?"

"வேணாம் அத்தை, நூத்தி நாலு டிகிரி வெயில். அலாரம் வேற போட்டிருக்கேன், கதவைத் தொட்டா போலீஸ் வந்துடும். ஏசியில ஜாலியா இருங்க."

போனை வைத்துவிட்டு எழிலரசியை முறைத்தான். "நேத்தே பேரைச் சொல்லியிருந்தா அந்தம்மாவை நேத்தே மீட்டிருப்பேன். அந்தப் பாவம் உங்களை சும்மா விடாது மேடம்."

அவள் ஒரு தாளை அச்செடுத்து அவன் முன்னால் நகர்த்தினாள். முகத்தில் நேற்றைய இரும்பு இல்லை.

"கார்டு உங்களோடது சார். கைதி உங்க மாமியார்."